ஸ்காட்லாந்து நோட்டு லண்டனில் செல்லாதா? அப்புறம் என்ன 'ஐக்கிய' ராச்சியம்?

#1 கிழக்குவாசல்

போன வாரம் எடின்பரோ போய்விட்டு வந்தேன். திரும்பியபோது பர்ஸில் மூன்று பத்து பவுண்டு நோட்டு மிச்சம். மூன்றுமே ஸ்காட்லாந்து வங்கிகள் அச்சடித்தவை. ராஜா படமும் இல்லை, ராணி படமும் இல்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு மளிகைக் கடையில் முருங்கைக்காயும் பொன்னி அரிசியும் எடுத்துக்கொண்டு நீட்டினால், கல்லாவில் இருந்த பையன் நோட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது வேணாம்ணா, வேற குடுங்க" என்றான். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். கள்ள நோட்டு மாற்ற வந்தவன் மாதிரி ஆகிவிட்டது.

ஒரே நாடு என்கிறார்கள், ஒரே பவுண்டு என்கிறார்கள், நோட்டை வாங்க மறுக்கிறார்கள். அங்கே பார்த்தால் பாதி ஜன்னல்களில் நீலமும் வெள்ளையுமாக அவர்கள் கொடி. 2014 வாக்கெடுப்பில் பிரிய வாய்ப்புக் கிடைத்தும் ஏன் பிரியவில்லை? இப்போது மறுபடி கேட்டால் ஏன் முடியாது என்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

#2 கணக்கப்பிள்ளை

நோட்டு நல்ல நோட்டுதான். ஆனால் எந்த நோட்டையும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று கடைக்காரரைக் கட்டாயப்படுத்த முடியாது. பையன் மேல் கோபப்படாதீர்கள், அவன் முதலாளி சொன்னதைச் செய்கிறான்.

அங்கே மூன்று வணிக வங்கிகள் சொந்தமாக நோட்டு அடிக்கின்றன. அதற்கு ஈடாக இங்கிலாந்து வங்கியில் பணம் கட்டி வைக்க வேண்டும். அந்த ஈட்டுக்கென்றே 10 லட்சம் பவுண்டு மதிப்பில் 'ஜயன்ட்', 10 கோடி பவுண்டு மதிப்பில் 'டைட்டன்' என்று நோட்டுகள் உண்டு. வெளியே புழக்கத்துக்கு வராது, பெட்டகத்திலேயே கிடக்கும். இன்னொரு வேடிக்கை: கறாராகச் சட்டம் பேசினால், இங்கிலாந்து வங்கியின் நோட்டுக்கே ஸ்காட்லாந்தில் 'சட்டப்படியான செலாவணி' என்ற தகுதி கிடையாது.

அந்த இங்கிலாந்து வங்கியை 1694ல் தொடங்கத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் வில்லியம் பேட்டர்சன். அவர் ஸ்காட்லாந்துக்காரர். நாலே வருடத்தில் சொந்த நாட்டுக் காசைக் கடலில் கரைத்த ஆளும் அவரேதான். அந்தக் கதையை வரலாறு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

#3 ராஜபாட்டை

இதில் விவாதிக்க என்ன இருக்கு? இங்கிலாந்துக்காரன் படையெடுத்துப் போய் ஸ்காட்லாந்தைப் பிடித்தான், 300 வருடமாக விட மாட்டேன் என்கிறான். இந்தியா மாதிரி அதுவும் ஒரு காலனி. அவ்வளவுதான்.

#4 வடமராட்சியான்

தம்பி ராஜபாட்டை, கொஞ்சம் பொறுங்கோ. நீங்கள் சொல்லுகிறது தலைகீழ்.

இரண்டு நாட்டுக்கும் சண்டை நடந்தது உண்மை, ஆனால் அது வேறு காலம். 1603ல் இங்கிலாந்து ராணி எலிசபெத் பிள்ளையில்லாமல் இறந்தபோது லண்டனுக்குப் போய் முடி சூடியது ஸ்கொட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ். அவர்களுடைய ராசாதான் இவர்களுக்கும் ராசாவானார். அதற்குப் பிறகும் நூறு வருஷத்துக்கு மேலே இரண்டு பாராளுமன்றம், இரண்டு நாடு.

பேட்டர்சன் கதைக்கு வருவம். இங்கிலாந்துக்கு கிழக்கிந்தியக் கம்பெனி இருக்கிறது, எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பிரபுவில் இருந்து சிறு வியாபாரி வரைக்கும் கையில் இருந்ததைப் போட்டு 4 லட்சம் பவுண்ஸ் சேர்த்தார்கள். 1698ல் லீத் துறைமுகத்தில் இருந்து ஐந்து கப்பல், கிட்டத்தட்ட 1,200 பேர். போன இடம் இன்றைய பனாமாவில் டேரியன் என்ற சதுப்புக் காடு. மலேரியா, மழை, பசி. ஸ்பெயின்காரன் ஒரு பக்கம் முற்றுகை. பக்கத்தில் இருந்த இங்கிலாந்துக் குடியேற்றங்களுக்கு இவர்களுக்கு உதவக்கூடாது என்று உத்தரவு. இரண்டு பயணத்திலும் சேர்த்து 2,000 பேரளவில் செத்தார்கள். பேட்டர்சனின் மனைவியும் அங்கேயே போனார்.

நாடே கடனில் நிற்கிற நேரம் பார்த்து, 1705ல் இங்கிலாந்து ஒரு சட்டம் கொண்டு வந்தது. ஒன்றாகிறது பற்றிப் பேச வா, இல்லாவிட்டால் உன் மாடும் துணியும் நிலக்கரியும் இங்கே விலைப்படாது, உன் ஆட்கள் இங்கே அந்நியர்கள். பேச்சு நடந்தது. ஒப்பந்தத்தின் 15வது பிரிவில் ஸ்கொட்லாந்துக்கு ஒரு தொகை: 3,98,085 பவுண்ஸ் 10 ஷில்லிங். அதில் இருந்துதான் டேரியனில் காசு தொலைத்த பங்குதாரருக்குத் திருப்பிக் கொடுத்தது. ஓட்டுப் போட்ட பிரபுக்களில் பலர் அந்தப் பங்குதாரர்கள். விளங்குதா? 1707 மே 1ஆம் தேதி இரண்டு பாராளுமன்றமும் ஒன்றாச்சு. எடின்பரோ தெருவில் சனம் கல்லெறிந்தது, கலகம் செய்தது. யார் கேட்டது?

பிடிக்கவில்லை தம்பி. வாங்கினார்கள். அது வேறு விதமான வருத்தம்.

ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கோ. அந்த ஒப்பந்தத்தில் ஸ்கொட்லாந்து தன் சட்டத்தையும் நீதிமன்றத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. தேவாலயத்தையும் காப்பாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடமும் தன்பாட்டில் தனியாகவே வளர்ந்தது. வீட்டை விற்றவன் அடுக்களையையும் சாமி அறையையும் தன் பெயரிலே வைத்துக்கொண்ட மாதிரி. இன்றைக்கு உங்கள் பத்து பவுண்ஸ் நோட்டு வரைக்கும் அந்த மிச்சம்தான்.

#5 மலையகத்தாள்

வடமராட்சி அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்காட்லாந்தைக் 'காலனி' என்று சொன்னால் எனக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும்.

நான் தலவாக்கலைப் பக்கம் பிறந்தவள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர் ஹோலிரூட். பூண்டுலோயா பக்கம் டன்சினேன். இதெல்லாம் ஸ்காட்லாந்துப் பெயர்கள் என்று கிளாஸ்கோ வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். டிவியில் 'ஹோலிரூட் தீர்மானம் நிறைவேற்றியது' என்று செய்தி வந்தால், எனக்கு முதலில் கொழுந்துக் கூடையோடு மேடேறும் அம்மாதான் ஞாபகத்துக்கு வருவாள். அப்புறம்தான் அது அவர்களுடைய பாராளுமன்றம் என்று உறைக்கும். 1867ல் லூல்கந்துரவில் முதன்முதல் வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். நிறையத் துரைமார் அந்த ஊர்க்காரர்கள்.

கிளாஸ்கோ நடு நகரத்தில் நடந்து பாருங்கள். ஜமைக்கா தெரு, வர்ஜீனியா தெரு, புகையிலைப் பணக்காரர்கள் பெயரில் கிளாஸ்ஃபோர்ட் தெரு, புகானன் தெரு. 1707க்குப் பிறகு பேரரசின் சந்தை திறந்ததும் சம்பாதித்தவர்கள் இவர்கள். அவர்கள் பிரிந்து போக நினைத்தால் போகட்டும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்களை மாதிரி ஆண்டுபட்டவர்கள் என்று சொல்லிக்கொண்டு போகக்கூடாது.

(கணக்கப்பிள்ளை சார், உங்கள் பெயரைப் பார்த்ததும் ஒரு கணம் பகீரென்றது. எங்கள் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வந்தாலே பேச்சு நின்றுவிடும்.)

#6 ராஜபாட்டை

சரி அக்கா, காலனி இல்லை, வாபஸ். ஆனால் 300 வருடத்துக்கு முன்னால் பிரபுக்கள் காசு வாங்கினார்கள் என்பதற்காக இன்றைக்கு யாரும் பிரிவினை கேட்பதில்லையே? தாட்சர் காலத்தை மறந்துவிட்டீர்களே. தலைக்கு இவ்வளவு என்ற வரியை 1989ல் ஸ்காட்லாந்தில் முதலில் போட்டார்கள், இங்கிலாந்தில் ஒரு வருடம் கழித்து. ரேவன்ஸ்கிரெய்க் இரும்பாலையை 1992ல் மூடினார்கள். அங்கே தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள், லண்டனில் கன்சர்வேட்டிவ் ஆட்சி வந்துகொண்டே இருந்தது. கடுப்பாகாதா?

#7 கிளாஸ்கோ_குமரன்

ரொம்ப நாளாகப் படிப்பேன், எழுத மாட்டேன். இந்த இழைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த 2014 ஓட்டை நான் போட்டிருக்கிறேன்.

ஆமாம், மதுரைக்காரன், மாணவர் விசாவில் போன ஒரு வருடத்தில். ஸ்காட்லாந்தில் வசிக்கிற காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு ஓட்டு உண்டு என்று வைத்திருந்தார்கள். 16 வயதுப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் டன்பிளேனில் வளர்ந்து இங்கிலாந்தில் குடியிருந்த டென்னிஸ் வீரர் ஆன்டி மரேக்குக் கிடையாது. காலமெல்லாம் ஸ்காட்லாந்து சுதந்திரம் பேசிய நடிகர் ஷான் கானரி பஹாமாஸில் இருந்தார், அவருக்கும் கிடையாது. எங்கே இருக்கிறாய் என்பதுதான் கணக்கு, எந்த ரத்தம் என்பது இல்லை. அது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

செப்டம்பர் 18, வியாழக்கிழமை. ஒரு ஆரம்பப் பள்ளிதான் வாக்குச்சாவடி. பிள்ளைகள் வரைந்த மீன் படங்கள் சுவரில். வெளியே 'ஆம்' கட்சிக்காரர்கள் ஒரு பக்கம், 'இல்லை' கட்சிக்காரர்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரே பிளாஸ்கில் இரண்டு தரப்புக்கும் டீ. வாக்குச்சீட்டில் ஒரே கேள்வி: ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா? இரண்டு கட்டம். நூலில் கட்டிய பென்சில். நம்ம ஊர் மிஷின், மை, போலீஸ் எதுவும் கிடையாது. நான் அந்தப் பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு மேல் நின்றேன். பக்கத்துத் தடுப்பில் ஒரு பாட்டி விசும்பும் சத்தம் கேட்டது.

'இல்லை'யில் போட்டேன்.

அன்று வந்து ஓட்டுப் போட்டவர்கள் 84.6 சதவீதம். 'இல்லை' 55.3, 'ஆம்' 44.7. கிளாஸ்கோ 'ஆம்' என்றது, டண்டீயும் 'ஆம்' என்றது. 32 உள்ளாட்சிப் பகுதிகளில் அப்படிச் சொன்னவை மொத்தம் நாலுதான். விடிகாலை ஆறு மணி வாக்கில் ஃபைஃப் முடிவு வந்ததும் கதை முடிந்தது. எங்கள் வீட்டுக்கார அம்மா ஜன்னலில் ஒட்டியிருந்த 'ஆம்' தாளைக் கிழிக்கவில்லை, ஓரம் ஓரமாகப் பிரித்து எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார். நான் எதில் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றுவரை.

#8 கிழக்குவாசல்

ஏன் 'இல்லை' போட்டீர்கள் குமரன்? சொல்லலாம் என்றால் சொல்லுங்கள்.

#9 கிளாஸ்கோ_குமரன்

பவுண்டு. வேறு பெரிய தத்துவம் இல்லை.

கல்விக் கடன் ரூபாயில், செலவு பவுண்டில். நாளைக்கு எந்தக் காசு என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சுதந்திரத் தரப்பு 670 பக்கத்தில் வெள்ளை அறிக்கை போட்டது. பவுண்டையே சேர்ந்து வைத்துக்கொள்வோம் என்று அதில் சொன்னார்கள். அப்போதைய நிதியமைச்சர் ஆஸ்போர்ன், நீ போனால் பவுண்டில் பங்கில்லை என்று பிப்ரவரியிலேயே கதவைச் சாத்திவிட்டார். ஆகஸ்டில் டிவி விவாதம். எதிர்த் தரப்பில் ஆலிஸ்டர் டார்லிங், பவுண்டு கிடைக்காவிட்டால் மாற்று வழி என்ன என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். சுதந்திரத் தரப்பின் தலைவர் அலெக்ஸ் சால்மண்ட் பெரிய பேச்சாளர், அன்றைக்கு வழுக்கிக்கொண்டே போனார். எங்கள் அறையில் ஆறு பேர் பார்த்தோம், நாலு பேர் அன்றிரவே மனம் மாறினார்கள்.

ஓட்டுக்குப் பத்து நாளளவில் இருக்கும்போது ஒரு கருத்துக்கணிப்பில் 'ஆம்' இரண்டு புள்ளி முந்தியது. உடனே பிரதமர் கேமரன், மற்ற கட்சித் தலைவர்கள் மிலிபாண்ட், கிளெக் மூன்று பேரும் அடித்துப் பிடித்து வடக்கே வந்தார்கள். பிரியாமல் இருந்தால் கூடுதல் அதிகாரம் தருகிறோம் என்று மூவர் கையெழுத்தோடு ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தில் உறுதிமொழி. முடிவு வந்த அன்று காலை ஏழு மணிக்கே டவுனிங் தெருவில் நின்றுகொண்டு கேமரன் என்ன பேசினார் தெரியுமா? இங்கிலாந்துச் சட்டங்களுக்கு இங்கிலாந்து எம்பிக்கள் மட்டும் ஓட்டுப் போடுவது பற்றி. தாலி கட்டிய கையோடு வரதட்சணைக் கணக்கு. எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அடுத்த வருடத் தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56ஐ ஸ்காட்லாந்து தேசியக் கட்சி எடுத்தது.

#10 கணக்கப்பிள்ளை

குமரன் பயந்தது தப்பில்லை. அந்த வெள்ளை அறிக்கை எண்ணெய் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் வைத்துக் கணக்குப் போட்டது. 2016 ஜனவரியில் விலை 30 டாலருக்குக் கீழே போனது. பிரிந்திருந்தால் முதல் பட்ஜெட்டே அந்தப் பள்ளத்தில்தான் விழுந்திருக்கும்.

அதற்குப் பிந்தைய நிலவரம்: ஸ்காட்லாந்து அரசே வருடா வருடம் வெளியிடும் வரவு செலவுக் கணக்கில் 2023-24க்குப் பற்றாக்குறை 2,270 கோடி பவுண்டு, எண்ணெய் வருமானத்தையும் சேர்த்து. பொருளாதாரத்தில் 10.4 சதவீதம். மொத்த பிரிட்டனுக்கு அது 4.5தான். இங்கிலாந்தில் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறார்கள், ஸ்காட்லாந்துப் பிள்ளைகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டும் இலவசம். பார்னட் சூத்திரம் என்று 1970களின் கடைசியில் தற்காலிகமாக வந்த ஒரு பங்கீட்டு முறைதான் இன்றும் லண்டனில் இருந்து அங்கே பணத்தைக் கொண்டுபோகிறது. அது நின்றால்?

எதிர்வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். இது பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருக்கும் ஸ்காட்லாந்தின் கணக்கு. பாதுகாப்புச் செலவு, பழைய கடன் வட்டி எல்லாவற்றிலும் லண்டன் முடிவு செய்த பங்கைத் தலையில் ஏற்றியிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் தம்பியின் செலவை வைத்து, தனிக்குடித்தனம் போனால் இவ்வளவுதான் ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் தனிக்குடித்தனத்துக்கு முதல் மாத வாடகை கையில் வேண்டும் அல்லவா.

#11 ராஜபாட்டை

வாடகைப் பணத்தைத்தான் அண்ணன்காரன் எடுத்துக்கொண்டானே! 1974ல் மெக்ரோன் என்ற அரசுப் பொருளாதார நிபுணர் எழுதிய குறிப்பைத் தேடிப் படியுங்கள். வடகடல் எண்ணெயை வைத்து ஸ்காட்லாந்து தனியாகப் போனால் வெட்கப்படும் அளவுக்கு உபரி இருக்கும், நாணயம் கெட்டியாக இருக்கும் என்று எழுதியிருந்தார். அதை ரகசியம் என்று பூட்டி வைத்து 2005ல்தான் வெளியே விட்டார்கள். எதிர்க்கரையில் நார்வே 1990ல் எண்ணெய்ப் பணத்துக்கு நிதியம் தொடங்கி இன்றைக்கு உலகத்திலேயே பெரியதாக வைத்திருக்கிறது.

#12 டைன்கரை_மருத்துவர்

நான் நியூகாசிலில் இருக்கிறேன். எங்கள் ஊர்க்காரர்களை யாரும் கேட்பதே இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் பெரிக்கில் குடியிருக்கிறார், அது இங்கிலாந்து. வேலை எல்லைக்கு அந்தப் பக்கம். தினமும் இரண்டு முறை ஒரு நாட்டைத் தாண்டுகிறார், அங்கே ஒரு பலகையும் இரண்டு கொடியும் தவிர எதுவும் இல்லை. பிரிந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தால் அங்கே சுங்கச் சோதனை வரும். ஸ்காட்லாந்து வெளியே விற்பதில் ஏறத்தாழ 60 சதவீதம் பிரிட்டனின் மற்ற பகுதிகளுக்குத்தான் போகிறது. பிரெக்ஸிட்டால் எவ்வளவு சிரமம் என்று புலம்புகிறவர்களே அதைவிடப் பெரிய பிரெக்ஸிட் கேட்பது எனக்குப் புரியவில்லை.

அப்புறம், கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று. தலைமுறைக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு என்று சால்மண்டே சொன்னார். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரிவது பற்றி 1980லும் 1995லும் கேட்டார்கள், இரண்டாவது தடவை 'வேண்டாம்' 50.58தான். நடுவில் மாண்ட்ரியாலை விட்டுக் கம்பெனிகள் டொரன்டோவுக்குப் போனதுதான் மிச்சம். எத்தனை தடவை கேட்பது? தங்களுக்குப் பிடித்த பதில் வரும்வரையா?

#13 வடமராட்சியான்

டொக்டர் அம்மா, நியாயமான கேள்வி. ஆனால் 2014க்கும் இன்றைக்கும் நடுவில் ஒன்று நடந்தது. பிரியாவிட்டால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கலாம் என்று அன்றைக்குச் சொன்னார்கள். 2016ல் ஸ்கொட்லாந்து 62 வீதம் ஐரோப்பாவோடு இருக்கத்தான் வாக்களித்தது, 32 பகுதியும் ஒன்று மிச்சமில்லாமல். இருந்தும் இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

பிறகு 2022 நவம்பர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஐந்து நீதியரசர்களும் ஒரே குரலில்: இங்கிலாந்து-ஸ்கொட்லாந்து ஒன்றியம் பற்றிய விஷயம் லண்டனுக்கு ஒதுக்கியது, கருத்தறிய மட்டும் என்றாலும் வாக்கெடுப்புக்கு எடின்பரோ தானாகச் சட்டம் போட முடியாது. 2014ல் எப்படி நடந்தது என்றால், கேமரன் ஒத்துக்கொண்டு ஸ்கொட்லாந்துச் சட்டத்தின் 30வது பிரிவின் கீழ் அதிகாரத்தைத் தற்காலிகமாகக் கொடுத்தார். அவர் மனம் வைத்தார், நடந்தது. அதற்குப் பிறகு வந்த யாரும் மனம் வைக்கவில்லை.

வட அயர்லாந்தைப் பாருங்கோ. 1998 ஒப்பந்தப்படி, பெரும்பான்மை பிரிய விரும்பும் என்று தெரிந்தால் லண்டன் வாக்கெடுப்பு வைத்தே ஆகவேண்டும், ஒன்று முடிந்தால் அடுத்ததற்கு ஏழு வருஷ இடைவெளி. ஒரு விதி இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. 1979லும் இதே கூத்துத்தான். தனிச் சபை வேண்டும் என்று 51.6 வீதம் சொன்னார்கள், ஆனால் மொத்த வாக்காளரில் 40 வீதம் வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் செருகி வைத்திருந்ததால் விழுந்துபோச்சு. பாராளுமன்றம் கிடைக்க மேலும் 20 வருஷம்.

#14 டைன்கரை_மருத்துவர்

விதி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2024 பொதுத் தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சிக்கு 57ல் 9 இடம்தானே வந்தது? மக்களுக்கே அவசரம் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

#15 கிளாஸ்கோ_குமரன்

டாக்டர், கட்சி தோற்றது, ஆசை தோற்கவில்லை. கட்சி கிழிந்து தொங்கிய அந்த வருடத்திலும் கருத்துக்கணிப்புகளில் சுதந்திரத்துக்கு ஆதரவு பாதியை ஒட்டியே நின்றது. என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் தொழிற்கட்சிக்குப் போட்டுவிட்டு, பிரிவினைக்கு இன்னும் 'ஆம்'தான் என்கிறார்கள். ஆஸ்பத்திரி வரிசையும் மின்சாரக் கட்டணமும் ஒரு ஓட்டு, நாடு வேறு ஓட்டு.

நானும் எத்தனை தடவை கேட்பது என்று யோசித்திருக்கிறேன். மாதா மாதம் கேட்டால் பைத்தியம் பிடிக்கும். ஆனால் நான் அன்றைக்கு அந்தப் பென்சிலால் போட்டது 'இப்போது வேண்டாம்'. இனிமேல் கேட்கவே கூடாது என்பதற்கு அல்ல. சீட்டில் அப்படி ஒரு கட்டமே இல்லை. எப்போது மறுபடி கேட்கலாம் என்று ஒரு விதியை எழுதி வையுங்கள், பதினைந்து வருடமோ இருபதோ, எவ்வளவு கடினமாக வேண்டுமானாலும். எழுதி வைத்த பிறகு கேட்டால் நான் மறுபடியும் 'இல்லை' போட்டாலும் போடுவேன். காசுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை, தனி ஸ்காட்லாந்து பவுண்டு என்கிறார்கள், அதற்கான கையிருப்பு எங்கே என்பதற்குப் பதில் மங்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதாமல், 'நான் மனம் வைத்தால் உண்டு' என்று லண்டன் சொல்லச் சொல்ல, கையிருப்பைப் பற்றிய என் கவலை குறைந்துகொண்டே வருகிறது.

#16 மலையகத்தாள்

குமரன் தம்பி, அந்த வீட்டுக்கார அம்மா இதைப் படிக்க மாட்டாரே?

#17 கிளாஸ்கோ_குமரன்

தமிழ் தெரியாது அக்கா. தப்பித்தேன்.

#18 நெறியாளர்

நம் ஊர்க் கதைகளை இதற்குள் இழுத்து வந்த மூன்று பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஸ்காட்லாந்து மட்டும்.

#19 அபர்தீன்_புதுசு

வணக்கம். முதுகலை படிக்க வந்து ஒரு மாதம் ஆகிறது, இந்தியப் பாஸ்போர்ட். எனக்கும் இங்கே ஓட்டு உண்டா? உடன் படிக்கும் பையன் உண்டு என்கிறான், நான் நம்பவில்லை.

#20 வடமராட்சியான்

உண்டு தம்பி. இந்தியா, இலங்கை இரண்டும் காமன்வெல்த். லண்டன் பாராளுமன்றம், ஹோலிரூட், உள்ளாட்சி மூன்றுக்கும் போடலாம். தானாகப் பெயர் ஏறாது, நீங்கள்தான் பதிய வேண்டும். இணையத்தில் ஐந்து நிமிஷம். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கோ: லண்டன் பாராளுமன்றத் தேர்தல் என்றால் படம் போட்ட அடையாள அட்டை கொண்டு போக வேண்டும். ஹோலிரூட்டுக்கும் உள்ளாட்சிக்கும் அது தேவையில்லை. அதே பள்ளிக்கூடம், அதே பெட்டி, வேறு சட்டம்.

#21 கிழக்குவாசல்

மூன்று நோட்டில் ஒன்றை நேற்று வங்கியில் கட்டிவிட்டேன், பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். அபர்தீன் தம்பி, மற்ற இரண்டும் உனக்கு வேண்டுமா? அங்கே கேள்வி கேட்காமல் வாங்குவார்கள்.